படத்தில் வராத சண்டே

மாப்ளே,

நேற்று வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மகளின் கல்லூரியில் பெற்றோர் கூட்டம் முடிந்து திரும்பும் வழி. பக்கத்தில் உயரமாக ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அங்கே படிக்க வந்திருக்கும் ஆப்பிரிக்க மாணவர்களில் ஒருவன். அவனுடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "ஹவ் ஃபார்?" என்றான்.

சட்டென்று திரும்பிவிட்டேன். அவன் என்ன நினைத்தானோ, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். எனக்கான பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆப்பிரிக்காவில் லாகோஸிலிருந்து திரும்பி வந்த பிறகு நீ போனில் 'ஹலோ' சொன்னதே இல்லை, 'ஹவ் ஃபார்'தான். முதல் தடவை அப்படிக் கேட்டபோது, "எவ்வளவு தூரம்னா கேக்கிறே? வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்றேன். நீ மூச்சு வாங்கச் சிரித்தாய். "அந்த ஊர்ல எப்டி கீறன்னு கேக்கறதே அப்டித்தான் மாமே" என்றாய். நான் உன்னை மாப்ளே என்பேன், நீ என்னை மாமே என்பாய். நமக்குள் எந்த உறவும் கிடையாது. நான் தெற்கே இருந்து வேலை தேடி வந்தவன், நீ முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் வாளி வார்க்கிற கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ், நீ மெஷின் மெக்கானிக். ஒரே ரயிலில் நின்றபடி போய் வந்தோம், அவ்வளவுதான் தொடக்கம்.

பிறகு நீ லாகோஸ் போனாய். அங்கேயும் பிளாஸ்டிக்தான், நாற்காலியும் வாளியும். சில வருடங்களுக்கு ஒருமுறை வருவாய், போவாய். ஒரு தடவை வலது கையில் முழங்கைவரை தோல் சுருங்கி, வழவழவென்று வெளுத்துப் போயிருந்தது. "மெஷின்ல பட்டுச்சி" என்றாய். மெக்கானிக் கையில் சூடு படுவது ஒன்றும் புதிதில்லை என்று நானும் விட்டுவிட்டேன், உன் மனைவி செல்வியும் விட்டுவிட்டாள்.

ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நீ கூடவே கொண்டுவந்தது அந்த ஊர்ப் படங்கள்மேல் ஒரு பைத்தியம். நோலிவுட் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே உன்னால்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தால் டிவியில் ஒரு மாமியாரும் மருமகளும் கத்திக்கொண்டிருப்பார்கள், நீ சோபாவின் நுனியில் உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய். செல்வி காப்பியை வைத்துவிட்டு, "ஊட்ல ஒரு தமிழ்ப்படம் பாக்க முடியலண்ணா. இந்தாளு இங்க கீறாரா, அங்கயே கீறாரான்னு தெரியல" என்பாள். நீ காதில் வாங்க மாட்டாய். "பாரு மாமே, இந்த பிரெட்டு விக்கிறவ நடக்கறத பாரு. மெய்யாலுமே அப்டித்தான் நடப்பாங்கோ."

எனக்கு அந்தப் படங்கள் பெரும்பாலும் பிடிக்கவில்லை. சினிமா என்றால் கொஞ்சம் மூக்கை உயர்த்திப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் பிரெட் விற்பவளின் நடையைப் பார்க்க உன்னோடு உட்கார்ந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள், "என் கதைய படமா எடுக்கறாங்கோ" என்றாய். கிண்டல் என்றே நினைத்தேன். உன்னோடு வேலை செய்த சண்டே என்பவரின் மனைவிக்குத் தம்பி முறை ஆகிற ஒருவன் படங்களுக்குக் கதை எழுதுகிறானாம். உங்கள் ஃபேக்டரியில் நடந்த தீ விபத்தைப் பற்றி எழுதுகிறானாம். நேரில் பார்த்தவன் என்று உன்னைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தான். தினமும் சாயங்காலம் நீ ஏரிப் பக்கம் நடந்தபடி, அந்த ஊர் உடைந்த இங்கிலீஷில் அவனுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். தீ விபத்தா, நீ சொல்லவே இல்லையே என்று கேட்டேன். "படம் வருதுல்ல, அப்பால பாத்து தெரிஞ்சிக்க. ஒரு தபாதான் சொல்ல முடியும் அத" என்றாய்.

சண்டே என்ற பெயரை மட்டும் அடிக்கடி சொல்வாய். "நம்ம ஞாயித்துக்கெழம" என்பாய். உன் பக்கத்து மெஷினில் நின்றவர். உனக்கு அந்த ஊர் பேச்சைக் கற்றுக்கொடுத்தவர். நீ ரசப்பொடி போட்டு வைத்ததைக் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, இன்னொரு டம்ளர் கேட்டவர். அந்தத் தீயில் அவர் செத்துப்போனார் என்பதை மட்டும் பிறகு சொன்னாய்.

படம் வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் உனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாய். படம் ஓடிடியில் வந்த அன்றைக்கு என்னையும் என் வீட்டாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாய். செல்வி பிரியாணி செய்திருந்தாள். உன் மகள் ஜன்னல் திரையை எல்லாம் இழுத்துவிட்டு, தியேட்டர் போல இருக்கட்டும் என்றாள்.

முதல் அரைமணி நேரம் நான் அசந்துபோனேன், மாப்ளே. இதை உன்னிடம் அன்றைக்கே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். விடிகாலையில் ஃபேக்டரி கேட் திறக்கிறது. வெளியே பெண்கள் தலையில் பிரெட் தட்டோடு நிற்கிறார்கள். ஜெனரேட்டர் இரைகிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார்கள். சண்டேயாக நடித்தவர் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். நீ என் தொடையைத் தட்டி, "இதான். இதேதான்" என்றாய். அவருடைய மனைவியாக நடித்த பெண், வேலைக்குக் கிளம்பும் புருஷனின் காலரை ஒன்றும் பேசாமல் மடித்துவிட்டாள். இந்தப் பெண் இருக்கிறாள், இனி படம் எங்கேயும் விழாது என்று நினைத்தேன்.

விழுந்தது. முதலாளியின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்தாள். அவளுக்கு ஒரு வக்கீல் காதலன் வந்தான். காதலனின் அம்மா சாபம் விட்டாள். ஒரு கல்யாணம் நின்றது, இன்னொன்று நிச்சயமானது. ஃபேக்டரி எங்கே போனது என்று நாம் தேடிக்கொண்டிருந்தபோது தீ வந்தது. சண்டே தள்ளாடிக்கொண்டு வருகிறார், கையில் பாட்டில், வாயில் சிகரெட். சிகரெட்டைப் போடுகிறார். எரிகிறது. இந்தியாவிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவன் தலையை ஆட்டி ஆட்டி அலறிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வெளியே ஓடுகிறான். அது சிரிப்புக் காட்சி.

உன் மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, இது நீயா?" என்றாள். உன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் சண்டேயின் மனைவி சர்ச்சில் முதலாளி குடும்பத்தின் காலில் விழுந்து, புருஷன் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள். அவர்கள் மன்னிக்கிறார்கள். கல்யாணம் நடக்கிறது. எல்லோரும் ஆடுகிறார்கள். காலரை மடித்துவிட்ட அந்த நல்ல நடிகைக்கு அழுவதைத் தவிரப் படம் வேறு வேலையே கொடுக்கவில்லை.

நீ ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாய். எழுந்து திரையை நகர்த்தினாய். வெளிச்சம் வந்தது. "சண்டே குடிக்கவே மாட்டான்" என்றாய். எங்களிடம் இல்லை, ஜன்னலைப் பார்த்து. பிறகு செல்வியிடம், "சாப்பாடு போடு, எல்லாம் பசியா இருப்பாங்கோ" என்றாய்.

நீ சாப்பிடவில்லை. நானும் நீயும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். படம் எங்கே உடைந்தது என்று நான் பேச ஆரம்பித்தேன், எனக்குத் தெரிந்தது அதுதானே. நல்ல நடிகர்கள், நல்ல இடம், நல்ல கதை, எல்லாம் கையில் இருந்தும் என்று இழுத்தேன். நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஷட்டர்ல பூட்டு போட்டிருந்துச்சி மாமே. நான் அவனுக்கு மொதல்ல சொன்னதே அதான். அந்த பூட்டு எங்கடா போச்சி?" என்றாய்.



கதை எழுதியவன் இரண்டு நாள் கழித்துச் செய்தி அனுப்பினான். மன்னித்துவிடுங்கள், நான் எழுதியது அது இல்லை, பூட்டைப் பற்றிப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று பணம் போட்டவர் கேட்டார், கல்யாணத்தைச் சேர்க்கச் சொன்னார், என் கையில் எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. உனக்கு வரவில்லை. "அவன் சின்ன பையன். அவனுக்கு இன்னா பேஜாரோ" என்று சொல்லிவிட்டு, பரவாயில்லை என்று பதில் அனுப்பினாய்.

உன்னை உட்காரவிடாமல் செய்தது அதற்கு அடுத்து வந்த செய்திதான். சண்டேயின் மனைவி பிளெஸிங் பேசியிருந்தார். அவர்களுடைய மகன் எமேகா கல்லூரிக்குப் போகிற வயது. தீ நடந்தபோது கைக்குழந்தை. அவர் சொன்னது இது: அந்தப் படம் எங்கள் கதை என்று தெருவுக்கே தெரியும். நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவன், அப்பா குடிகாரரா என்று கேட்டான். இல்லை என்றேன். நீ அங்கே இல்லையே அம்மா, உனக்கு எப்படித் தெரியும் என்கிறான். வீட்டில் சாப்பிடுவதில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். நீங்கள் சொல்லுங்கள்.

நீ எனக்குப் போன் செய்தாய். அன்றைக்கு 'ஹவ் ஃபார்' இல்லை.

"மாமே, நாளைக்கு வா. அந்தப் பையன்கிட்ட பேசணும். என் இங்கிலீஷ் ரோட்டு இங்கிலீஷ். ஒரு வார்த்த தப்பா பூடக் கூடாது. நீ பக்கத்துல குந்திகினு இரு, போதும்."

செல்வி வேண்டாம் என்றாள். டாக்டர் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள். "பேசலன்னாதான் எனக்கு ஏதாவது ஆவும்" என்றாய் நீ. அவள் தண்ணீர்ச் செம்பையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன் திரையில் எமேகா வந்தான். மெலிந்த முகம், சுருட்டை முடி. கும்பிடுவதா கை ஆட்டுவதா என்று தெரியாமல் இரண்டும் செய்தாய். அவன் சிரிக்கவில்லை.

நீ அந்த ஊர் பேச்சில் ஆரம்பித்தாய். எனக்குப் பாதி புரிந்தது. புரியாத இடங்களில் நீயே செல்விக்காகத் தமிழில் ஒரு வரி சொல்லிக்கொண்டாய். மழைக்காலம். மதியச் சாப்பாட்டு நேரம். பிளாஸ்டிக் குருணை மூட்டைகள் அடுக்கிய கிடங்கில் கரண்ட் வயரிலிருந்து தீ. கீழே இருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், நீயும் சண்டேயும் உட்பட. பேக்கிங் செய்கிற இரண்டு பெண்கள் மேல்மாடியில் இருந்தார்கள். மாடிப்படி ஷட்டருக்குச் சாமான் திருட்டுப் போகிறது என்று வெளியிலிருந்து பூட்டு. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போய்விட்டார்.

"நானு கடப்பாற எத்துகினு பூட்ட ஒடச்சிகினு இருந்தேன். ஒடயல. உங்கப்பன் கொஞ்ச நேரம் பாத்தான். அப்பால பக்கவாட்டுல கீற பைப்ப புடிச்சி ஏறிட்டான். ஜன்னல ஒடச்சி உள்ள பூந்தான். ஒரு பொண்ண தூக்கி ஜன்னல் வழியா எறக்கினான், கீழ கீறவங்க புடிச்சிக்கினாங்கோ. இன்னொருத்தி உள்ள கீறான்னு திரும்பிப் போனான். கூர வுழுந்துட்ச்சி."

எமேகா திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். எங்களைப் பற்றி, அம்மாவையும் என்னையும் பற்றி, ஏறும்போது அவர் நினைத்திருப்பாரா?

நீ நினைத்தார் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியாதுப்பா" என்றாய். "மூஞ்சிய நான் பாக்கல. ஆனா..." என்று நிறுத்தி என் பக்கம் திரும்பினாய். "மாமே, தயங்கலன்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

சொன்னேன். என் வாயில் அது சரியாக வரவில்லை, இரண்டு தடவை சொன்னேன். நீ அதை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, அந்தப் பையனிடம் சொன்னாய். அந்தச் சாயங்காலம் முழுக்க நான் உனக்குச் செய்த உதவி அந்த ஒரு சொல்தான்.

அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லலப்பா. ஏர்றதுக்கு முன்னால ஜோப்புல கீற போன எத்து என் கைல குடுத்தான். 'புடி'ன்னான். அவ்ளோதான்."

எமேகா எழுந்து போனான். திரையில் ஒரு பச்சைச் சுவர் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவன் கையில் பட்டன் வைத்த பழைய போன் ஒன்று இருந்தது. அம்மாவின் பெட்டியில் இருப்பது இது, அப்பா உள்ளே எரிந்துபோனார் என்றால் அவருடைய போன் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை என்றான்.

"பின்னாடி மூடி கயண்டுகினே இருக்கும். கருப்பு டேப்பு சுத்தி வச்சிருப்பான், பாரு" என்றாய்.

அவன் திருப்பிக் காட்டினான். கருப்பு டேப் இருந்தது.

அவன் அழுதான். பக்கத்தில் ஒரு பெண்ணின் கை வந்து அவன் தலையைத் தொட்டது. பிளெஸிங்காக இருக்க வேண்டும். அழுது முடித்துவிட்டு, படத்தில் ஓடுகிற அந்த இந்தியர் யார் என்று கேட்டான். நீ சட்டைக் கையை மேலே சுருட்டி வலது கையைத் திரைக்கு முன்னால் நீட்டினாய். ஷட்டர் பழுக்கக் காய்ந்த பிறகும் நீ அதை விடவில்லை என்பதும், நாலு பேர் சேர்ந்து உன்னை இழுத்துப் போட்டார்கள் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அது வேற யாரோ. எனக்கு அவ்ளோ சோக்கா தலையாட்ட வராது" என்றாய். அப்போதுதான் அந்தப் பையன் முதல் தடவையாகச் சிரித்தான். படத்தில் சண்டேயாக நடித்தவரின் சிரிப்பு நன்றாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா. இது அதைவிட நன்றாக இருந்தது.

போனை வைத்த பிறகு செல்வி உன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடமாகப் பார்த்த கையைப் புதிதாகப் பார்த்தாள். "மெஷின்ல பட்டுச்சின்னு சொன்னியேய்யா."

"நெருப்புன்னு சொன்னா என்னிய திரும்ப அனுப்பி வச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் உன் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுவதுபோல நேரம் கடத்தினேன்.

அதற்குப் பிறகு நீ அந்த ஊர்ப் படங்களை மறுபடியும் பார்க்க ஆரம்பித்தாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒருத்தன் தப்பா எடுத்தா, எல்லாருமா தப்பா எடுப்பாங்கோ?" என்றாய். மாமியார்களுக்குப் பதில் சொல்கிற குரல் மட்டும் தாழ்ந்துகொண்டே வந்தது.

ஐப்பசி மழையில் நீ போனாய். ஆவடியில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில்கள் தாமதமான நாள். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவு இருந்தது, பேச்சு இல்லை.

நீ போன பிறகு அந்தப் படத்தை நான் தனியாக இன்னொரு முறை பார்த்தேன். என் கோபம் நியாயமானதுதானா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். முதல் அரைமணி நேரம் இப்போதும் நன்றாக இருக்கிறது. அந்த நடிகை இப்போதும் காலரை மடித்துவிடுகிறாள். ஆனால் யார் பூட்டினார்கள் என்ற ஒரு கேள்வியை அவள் வாயில் வைத்திருந்தால் போதும், பாக்கிப் படம் தானாக நடந்திருக்கும். அவளை மண்டியிட வைத்துவிட்டார்கள். எத்தனை பேர் உழைப்பு அது, எவ்வளவு பெரிதாக வந்திருக்க வேண்டியது என்று நினைக்கும்போது, கோபம் போய் வருத்தம் மட்டுமே மிஞ்சியது.

உன் சாவுச் செய்தியை எமேகாவுக்கு நான்தான் சொன்னேன். உன் போனில் இருந்து அவன் எண்ணைச் செல்வி எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து அவன் அவ்வப்போது எனக்குப் பேசுகிறான். உன்னைப் பற்றித்தான் கேட்பான். எப்படி நடப்பார், என்ன சாப்பிடுவார், ரயிலில் என்ன பேசுவார். நீ அவன் அப்பாவைச் சொன்னாய், நான் அவனுக்கு உன்னைச் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்ல நாக்கு துடிக்கும். உன்னை இன்னும் தைரியசாலியாக, இன்னும் அமைதியானவனாக ஆக்கிவிடலாம் போலிருக்கும். அப்போதெல்லாம் 'தெரியாதுப்பா' என்று நீ சொன்ன அந்தக் குரல் காதில் விழும். நிறுத்திக்கொள்வேன். இப்போது நான் சுமப்பது அந்தக் குரலைத்தான்.

போன வாரம் அவன், அங்கிள் கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று கேட்டான். இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சொல்லவில்லை. மூச்சுக்குத் திணறினார், பயந்தார், மனைவியின் கையைக் கடைசிவரை விடவில்லை என்றேன்.

அவன், "ண்டோ" என்றான்.

என்ன அர்த்தம் என்று கேட்டேன். எங்கள் பாஷையில் ஒரு சொல், அங்கிள், இங்கிலீஷில் சரியாக வராது, உங்களுக்கு வலிக்கிறது, அது எனக்கும் தெரிகிறது என்று அர்த்தம் என்றான். அத்தைக்கும் சொல்லிவிடுங்கள் என்றான்.

மறுநாள் முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். செல்வி துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினான் என்று சொல்லி, அதையும் அதன் பொருளையும் சொன்னேன். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"இன்னொரு தபா சொல்லுண்ணா" என்றாள்.

சொன்னேன்.